பக்கத்து வீட்டு விசாரணை

ஏட்டு கந்தவேல் பேனா மூடியைக் கழற்றியதும் கண்ணாத்தாளுக்கு நாக்கு துறுதுறுவென்று வந்தது.

"பக்கத்து ஊட்டுப் பொண்ணு ஷாலினி எப்படிங்கம்மா? கடற்படையில ஆபீசர் வேலைக்கு எடுத்திருக்காங்க. நாங்க அக்கம்பக்கம் விசாரிச்சு எழுதியனுப்புனாத்தான் எழிமலைக்குப் பயிற்சிக்குப் போக முடியும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஷாலினியின் அப்பா கைலாசம், கழுவின பைக்கையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தான். கைதான் பைக்கில் இருந்தது, காது இரண்டும் இங்கே இருந்தன.

நன்றாகக் கேட்கட்டும் என்று கண்ணாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் வெண்ணிலாவைப் பற்றியும் இப்படித்தான் விசாரிக்க வந்தார்கள். போலீஸ் இல்லை, ராசிபுரத்து மாப்பிள்ளை வீட்டார். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் போக மாட்டார்கள். கைலாசம் கெட்டதாக ஒன்றுமே சொல்லவில்லை. "அதெல்லாம் எதுக்குங்க, பொட்டப்புள்ள விசயம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கண்ணாத்தாள் குடும்பத்தோடு நடந்த வரப்புத் தகராறில் தோற்றுப்போன ஆத்திரத்துக்கு அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஜாதகமும் கைலாசத்தின் வாசலில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனவைதான். கடைசியில் வெண்ணிலா குமாரபாளையத்தில் ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். போனதுமே இரண்டு பிள்ளைகளுக்குச் சித்தி. போனில் அவள் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லும்போதெல்லாம் கண்ணாத்தாளுக்கு வயிறு எரியும்.

களை வெட்டும்போதும் மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதும் கைலாசத்தை எப்படிப் பழி வாங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கோ நாளுக்கு நாள் சதைதான் போட்டது.

பதினோரு வருஷமாக முகம் பார்த்துப் பேசாத அவன், ஏட்டு வரப்போகிறார் என்று தெரிந்ததும், இன்று காலை அவள் வாசலில் வந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவனே வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தான்.

கண்ணாத்தாள் ஆகட்டும் என்று தலையாட்டி அனுப்பினாள். அவன் அதையும் நம்பிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் ஷாலினி நின்றிருந்தாள். ஆழம் என்றால் ஆயிரம் அடி போர்வெல்தான் என்று நினைக்கிற ஊரில் இருந்து கடலுக்குப் போகிற முதல் பெண். விடியற்காலையில் சங்ககிரி ரோட்டில் அவள் ஓடிய ஓட்டமெல்லாம் இப்போது கண்ணாத்தாளின் ஒரு வார்த்தையில் நின்றது.

பாவம்தான். அந்தப் பெண் இவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வெண்ணிலா மட்டும் யாருக்கு என்ன செய்தாள்?

இதை விட்டால் இன்னொரு சமயம் வாய்க்காது. கண்ணாத்தாள் தொண்டையைச் செருமினாள். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"தங்கமான புள்ளைங்க. பொறந்ததுல இருந்து பாக்கறனுங்க, ஒரு குத்தஞ் சொல்ல முடியாது. தாராளமா எழுதிக்குங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறனுங்க."

ஏட்டு எழுதி நீட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டாள். பதினோரு வருஷமாக எரிந்த வயிறு குளிர்ந்துபோயிற்று.

ஏட்டின் வண்டி தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்த கைலாசம் மதிலுக்கு ஓடி வந்தான்.

"ஏனுங்கக்கா, காத்தால அத்தனை தூரம் கெஞ்சுனனே! அவ மேல ஏதாச்சும் ஒரு பழியச் சொல்லி நிறுத்திப்போடுங்கன்னுதானுங்க கேட்டேன்? நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்கறா. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டிக்காரங்க ஊட்டுக்கு அவளக் கேக்காமயே வாக்குக் குடுத்துட்டனுங்களே, இனி அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

கண்ணாத்தாள் முந்தானையால் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரயிலு எத்தனை மணிக்குங்க தம்பி? புள்ளைக்கு நானே கட்டுச்சோறு கட்டித் தாரேன்."