கொஞ்சூண்டு மருந்து

“வந்துட்டான் பாவி!”

முதுகில் மருந்து டாங்கியோடு கிரிஷாந்தன் வேலி ஓரம் வந்ததும் விசாலாட்சிக்கு ஆத்திரம் பொங்கியது.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் பின்னால் அவள் வளர்த்த தேனீப் பெட்டிகளில் மிஞ்சியது ஒன்றுதான். கொஸ்லந்தையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி. அதிலும் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே முறையிட்டு, கணக்கப்பிள்ளை வீரசிங்கத்தைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

“பாருங்கய்யா. இவன் புழு மருந்து அடிக்கத் தொடங்கின பொறகுதான் இப்படி.”

“செத்துக் கெடக்குதா?”

“செத்தா அள்ளிப் போட்டு அழுதுருவேனே. காலையில போறது திரும்பி வரல. வழி மறந்துருது.”

“பஸ்ல வந்த தேனீக்கு வழி எப்படித் தெரியும்?” வீரசிங்கம் சிரித்தார். “நாங்க கலக்கச் சொல்றது கொஞ்சூண்டு மருந்து. அதுல ஒண்ணும் சாகாது.”

“சாகாதுய்யா. புத்திதான் கெட்டுப் போகுது. புல்லுப் பூவுல படிஞ்சதத்தானே அதுக குடிக்குது? இவன் அளவுக்கு மேல கலக்குறான். டாங்கியத் தொறந்து பாருங்க!”

கிரிஷாந்தனின் முகம் வெளிறியது. “வேணாங்கக்கா…”

“ஏன்டா, பயமா இருக்கா?”

வீரசிங்கம் மூடியைத் திருகினார். மருந்து கலந்தால் பாலாய் வெளுக்கும் தண்ணீர், தெளிந்து கிடந்தது. முகர்ந்தார். ஒரு வாடையும் இல்லை.

“டேய், இது பச்சத் தண்ணி!”

கிரிஷாந்தன் தலை குனிந்தான். “மேல் மலைக்கெல்லாம் மருந்துதாங்கய்யா அடிச்சேன். அக்கா வேலிய ஒட்டி மட்டுந்தான்…”

“தோட்டத்தையே ஏமாத்துறியா? ஒம் பேர வெட்டியாச்சு. நாளைக்கிப் பெரட்டுப் பக்கம் வந்துறாத!”

“ஐயோ, நான் அதுக்குச் சொல்லலய்யா!” விசாலாட்சி பதறினாள்.

கிரிஷாந்தன் டாங்கியை இறக்கி வைத்தான். தோளில் வார் அழுத்திய இடம் சிவந்திருந்தது.

“விடுங்கக்கா. மேல் மலைக்கு மேயப் போற தேனீக்களத்தான் என்னால தடுக்க முடியல.”

அவன் லயத்துப் பக்கம் திரும்பாமல், ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனான்.

வீரசிங்கம் அவளை ஆறுதலாகப் பார்த்தார்.

“நல்லவேள நீ சொன்ன, விசாலாட்சி. கவலைய விடு. நாளையிலேருந்து ஒன் வேலி வரைக்கும் மருந்து ஒழுங்கா விழும்.”