பின்பக்க ஷெட்

வாசனை ஸ்ப்ரே கிடங்கைச் சோதிக்க வந்த தீயணைப்பு அதிகாரி, சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். முதலாளிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"பின்பக்க ஷெட்டை மட்டும் பார்க்க வேண்டாம் சார். அங்கே ஒண்ணுமே இல்லை," என்று பதறினார் மேனேஜர்.

அதிகாரி நிமிர்ந்தார். "ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு பெரிய பூட்டு? திறங்க."

"சாவி வீட்ல இருக்கு சார்," என்றவரின் இடுப்பில் சாவிக்கொத்து ஊரையே கூப்பிடுவதுபோல் குலுங்கியது.

திறந்தால், ஸ்ப்ரே டப்பாக்கள் மலைமலையாகக் கூரையை முட்டிக்கொண்டிருந்தன.

"தீப்பிடிச்சா ஒவ்வொண்ணும் ராக்கெட்டாப் பறக்கும். உள்ள வேலை செய்யறவங்க கதி? சுத்திக் கம்பிவலைக் கூண்டு அடிங்க, மேலே தண்ணி தெளிக்கிற குழாய் போடுங்க. அப்புறம்தான் கையெழுத்து," என்று அதிகாரி கிளம்பிவிட்டார்.

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் போட்டுத் தொலை. ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியலையேய்யா உனக்கு."

தலைகுனிந்தபடியே வெளியே வந்த மேனேஜர், மனைவிக்குப் போன் போட்டார்.

"சேர்ந்த நாள்லேர்ந்து கூண்டு கேட்டுக் கெஞ்சறேன், மனுஷன் காதுலயே போட்டுக்கலை. இன்னிக்கு ஒரே உளறல்ல வேலை முடிஞ்சுது."

"மாட்டிக்குவோம்னு பயமா இல்லையாங்க?"

"பயந்தேன், ஆபீஸர் ஷெட்டைப் பார்க்காமலே போயிடுவாரோன்னு."