பயணம் சொல்லி

மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்படும் முன் குல்ஜார் பேகம், வழக்கப்படி புந்தோங்கில் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த வட்டாரத்தில் குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் எல்லாரும் அவரிடம் இலவசமாகப் படித்தவர்கள்தான்.

"உன்னை அடிச்சு ஓத வச்சிருக்கேன். மன்னிச்சிரு நஸ்ரியா."

"அதனாலதான் மாமி இன்னிக்கு என் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தாரேன். எனக்காக அங்க துஆ செய்ங்க."

"நீ எனக்காகச் செய். அந்த மண்ணுலேயே மௌத்தாகி அடங்கணும்னு."

காரில் ஏறியதும் மகன் ஷாஹித்திடம் கேட்டார்.

"வீட்டைப் பூரா மதரஸா ஆக்கிட்டியே. நான் திரும்பி வந்து எங்க படுக்கிறது?"

"பார்த்துக்கலாம்மா."

"பெயர்ப்பலகையாச்சும் காட்டேன்பா."

"இப்பதான் கடையிலேர்ந்து எடுத்தேன். பின்னால இருக்கு. திறப்பு விழாவுல பார்க்கலாம்லா."

பினாங்கில் விமானம் ஏறுவதாகச் சொல்லியிருந்தான். கோலா கங்சார் தாண்டியதும் அவர் தூங்கிப்போனார்.

விழித்தபோது கார் பாரிட் புந்தாரில், ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் நின்றது. ஒரு பெண் ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

"வாங்கம்மா, உங்க ரூம் ரெடி."

"பிளைட்டுக்கு நேரமாகலையா ஷாஹித்?"

அவன் காரின் பின்பக்கத்தைத் திறந்து பெட்டியை வெடுக்கென்று இழுத்தான். பலகையைச் சுற்றியிருந்த துணியும் கூடவே வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுக்கும் அதே நிதானத்தில், குல்ஜார் பேகம் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

'மக்காவில் மறைந்த குல்ஜார் பேகம் நினைவு மதரஸா.'