புல்லிங் இல்லாத கார்

நிருபமாவின் பழைய டீசல் காருக்கு, வாரத்தில் இரண்டு மூன்று நாள், பெங்களூரில் பொம்மசந்திரா ஆபீஸுக்குப் போகும் வழியில், அடுகோடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புல்லிங் போய்விடும். எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்து ஊர்ந்து அங்கேயே நிற்கும். மெக்கானிக் தணிகாசலம் டீசல் ஃபில்டரை மாற்றினார், டேங்க்கைக் கழுவினார். அவர் ஓட்டினால் மட்டும் கார் பறந்தது. விற்றுவிடு என்று வீட்டில் நச்சரித்தார்கள்.

ஒரு நாள் காலை தணிகாசலமும் கூடவே வந்தார். காற்று புகுகிறதா என்று பார்க்க, டீசல் லைனில் உள்ளே தெரிகிற ட்யூப் ஒன்றைப் பொருத்தியிருந்தார். நிறுத்தம் வந்ததும் கார் நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தார். ட்யூபில் ஒரு குமிழிகூட இல்லை.

“வண்டில ஒரு கம்ப்ளைன்டும் இல்ல மேடம். ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் ஏத்த நிக்குது,” என்று சிரித்தார். பின்கதவைத் திறந்துபிடித்து, ஆளில்லாத நிறுத்தத்தைப் பார்த்து, “பொம்மசந்திரா, பொம்மசந்திரா! ஏறுங்க!” என்று கூவினார்.

காரின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. அவர் கதவைச் சாத்தினார். அதன்பிறகு ஆபீஸ்வரை கார் புதுசுபோல இழுத்தது.

இப்போது நிருபமா தினமும் அங்கே நிறுத்தி, பின்கதவைத் திறந்து மூடுகிறாள். கோளாறே இல்லை. பாட்டைக்கூடப் பின்னால் கேட்கும்படி வைக்கிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று அடுகோடியைத் தாண்டியதும் வழியில் ஆபீஸ் தோழி வீணா கை காட்டினாள். முன்சீட்டில் லேப்டாப்பும் டிபன் பையும் இருந்தன. பின்கதவைத் திறந்த வீணா, உள்ளே பார்த்துப் புன்னகைத்தாள். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி,” என்று கன்னடத்தில் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள்.