வேணி இடித்த மதில்

மழை தொடங்கியதும் அந்த நகரில் வீடுகளின் தெருவாசல் கதவுகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு மனையிலும் பெய்கிற மழை அந்த மனையின் மண்ணுக்குள்ளேயே இறங்க வேண்டும், ஒரு சொட்டும் தெருவுக்கு வரக்கூடாது என்பது நகராட்சி விதி. தண்ணீர் வற்றிய பிறகுதான் கதவு திறக்கும்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு காலையில், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"வேணிக்கா! கட்டிலுக்கு மேல தண்ணி வந்துடுச்சு. அப்பா தலைய நான்தான் தூக்கிப் பிடிச்சிருக்கேன்!"

அவள் அப்பா ஞானமுத்து பக்கவாதத்தில் படுத்திருந்தவர். வேணி கடப்பாரையை எடுத்து இரு வீடுகளுக்கும் நடுவே இருந்த மதிலை இடித்தாள். வெள்ளம் அவள் வீட்டுக்குள் பாய்ந்தது. தெருப்பக்க மதிலையும் இடித்தாள். விதி மீறலை அறிவிக்கும் நகராட்சி சைரன் அலற அலற, தண்ணீர் தெருவில் இறங்கி ஓடியது. ஞானமுத்து பிழைத்தார்.

மழை விட்டுக் கதவுகள் திறந்ததும் நகராட்சி அதிகாரி ஒரு கொத்தனாரோடு வந்தார். தெருப்பக்க இடிபாட்டின் நடுவே வேணி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரிங்கம்மா. செவுர் கட்டணும். தண்ணி மண்ணுக்குள்ளதான் போகணும்."

"மண்ணு குடிக்க மாட்டேங்குது சார். அதுக்கும் ஒரு விதி போடுங்க."

"நீங்க எழுந்திரிக்கலன்னா போலீஸ் வரும்."

"வரட்டும். நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அப்போது ஸ்டெல்லாவும் எதிர்வீட்டுக்காரர்களும் ஞானமுத்துவைக் கட்டிலோடு தூக்கி வந்து வேணியின் அருகில் இறக்கினார்கள். கோணிப்போன வாயால் அவர் கொத்தனாரைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"இப்பக் கட்டு."

கொத்தனார் கரண்டியைச் சாந்துச் சட்டிக்குள் போட்டுவிட்டு, வேணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.