வெள்ளைத் துணி

அவள் முகத்தைப் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பஃப்ஸ் தட்டுகளின் இடுக்கு வழியே எதிர் அபார்ட்மென்டின் மூன்றாவது மாடி தெரிந்தது. பால்கனியில் யாரும் இல்லை. திரை அசையவில்லை. பால்கனியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இந்நேரம் அழுக்குத் தண்ணீர் கறுப்பாக இறங்கியிருக்க வேண்டும்.

டீ ஆடை கட்டிவிட்டது.

கல்லாவில் இருந்தவர் அவளை வெகு நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டே விட்டார்.

"வீட்டுக்காரரைப் பிடிக்க வந்தீங்களாங்க்கா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவர் நம்பவில்லை. பரிதாபப்பட்டு, கேட்காமலே இன்னொரு டீ அனுப்பினார்.

மேலே இருப்பது தெய்வானை, அவளிடம் வேலை பார்க்கும் ஒரே ஆள். அவளுடைய ஒரே கம்பளம் கழுவும் மெஷினும் அங்கேதான் இருக்கிறது.

கம்பளம் கழுவ எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். ஹோஸைப் பிடிப்பது தெய்வானை. தண்ணீரைத் திறப்பது அவள். அந்த வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இன்று காலை, தனக்குக் காய்ச்சல் என்று தெய்வானையிடம் போனில் பொய் சொன்னாள். நீயே போய்ப் பார்த்துக்கொள் என்றாள். உடனே பஸ் பிடித்து வந்து இங்கே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் அவினாசி ரோட்டு ஹோட்டலால் வந்தது. அறைகள், ஹால், மாடி வராந்தா, அத்தனை கம்பளமும் திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வருஷம் முழுக்க வேலை. மதியத்துக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஹோட்டலுக்கு அவள் போனால், வீடுகளுக்கு யார் போவது?

இன்னொரு மெஷின் எடுத்துப் போடுங்கள் என்று மெஷின் விற்பவர் போன தீபாவளியிலிருந்து சொல்கிறார். புருஷனும் சொல்லிப் பார்த்துவிட்டான். கொழுந்தன்கூட, ஆள் தேடித் தரட்டுமா அண்ணி என்று கேட்டான். எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது.

இன்னும் இல்லை.

எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

போன் அடித்தது.

மூன்றாவது மாடி வீட்டம்மா. எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தமாம். ஹாலில் விரிக்க, காஷ்மீரில் வாங்கிய சிவப்புக் கம்பளத்தைக் கழுவித் தரத்தான் கூப்பிட்டாராம். வந்த ஆள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்தது. கம்பளத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தியது. துணியைத் திருப்பிப் பார்த்தது. ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டது.

"கழுவ மாட்டேங்குதுங்க. பிரஷ் போட்டு வேணா தூசி எடுத்துத் தர்றேங்குது. ஓனருக்கு மேல ஓனரா இருக்குது உங்க ஆளு."

அவள் மூச்சை மெதுவாக விட்டாள்.

துணியில் சாயம் ஏறினால் அந்தக் கம்பளத்தில் தண்ணீர் படக்கூடாது. பட்டால் சிவப்பு பரவி, நடுவில் இருக்கும் வெள்ளைப் பூவெல்லாம் பாழ். அப்புறம் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது.

தெய்வானை பார்த்தது சரி. வீட்டம்மாவிடம் மாட்டேன் என்றதும் சரி.

ஆனால் வீட்டம்மா சம்பளம் கொடுப்பவர் இல்லையே. கொடுப்பவளே சொன்னால்?

போனைத் தெய்வானையிடம் கொடுக்கச் சொன்னாள்.

போன் கை மாறுவதற்குள் பையைத் தோளில் மாட்டினாள். செருப்புக்குள் காலை நன்றாக நுழைத்துக்கொண்டாள். பதில் தப்பாக வந்தால் ரோட்டைத் தாண்டி, லிப்டுக்கு நிற்காமல், படியேறி ஓட வேண்டும். குழாய் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.

குரலைக் கறாராக்கினாள். நல்ல பார்ட்டி, பகைத்துக்கொள்ளாதே என்றாள். பரவாயில்லை, கழுவிக் கொடுத்துவிட்டு வா. நான்தானே சொல்கிறேன்.



பேக்கரியில் ஜூஸ் மிக்ஸி ஓடி, நின்றது.

சரிங்க்கா என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். ஹோட்டல் இல்லை. இரண்டாவது மெஷின் இல்லை. காலம் பூராவும் அவளே போய்த் தண்ணீர் திறந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

"இல்லீங்க்கா," என்றாள் தெய்வானை. "துணில செவப்பு ஏறுதுங்க்கா. நீங்க சொன்னாலும் நான் தண்ணி விட மாட்டேன்."

கொஞ்சம் நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. கசாயம் குடிச்சீங்களா?"

அவள் ஆடை கட்டிய டீயைப் பார்த்தாள். குடித்தேன் என்றாள். பிறகு வீட்டம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அந்தம்மா முணுமுணுத்துக்கொண்டே, தூசியாவது எடுத்துத் தரட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

கல்லாக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆள் சிக்கியாச்சுங்களா?"

"சிக்கியாச்சுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற பெண்ணிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பன்னுக்கு வெண்ணெய் தடவப் போய்விட்டார்.

ஹோட்டலுக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை காலையில் வந்துவிடுவதாக மேனேஜரிடம் சொன்னாள்.

அடுத்து, மெஷின் விற்பவர். அவர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். நம்பியதும் அவசரப்பட்டார். இன்று சாயங்காலமே வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

"கவுண்டம்பாளையம்தானுங்களேக்கா? உங்க வீட்டுக்கு?"

மூன்றாவது மாடி பால்கனிக் கதவு திறந்தது. தெய்வானை கம்பளத்தைத் தோளில் சுமந்து வந்தாள். கைப்பிடிச் சுவரின் தூசியை முதலில் துடைத்தாள். அப்புறம்தான் கம்பளத்தை அதன் மேல் போட்டாள். மேலிருந்து கீழாக, ஒரே வாட்டமாக பிரஷை இழுத்தாள். வெயிலில் தூசி பறந்தது. சிவப்பு தெளிந்துகொண்டே வந்தது.

அவள் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க," என்றாள் போனில். "அட்ரஸ் எழுதிக்குங்க. தெய்வானை, போத்தனூர்."