கொஞ்சம் ஏறிடுச்சு

“இன்னிக்கு ஜூஸ், சோடான்னு யாராவது வாயைத் திறந்தீங்க, நாளைக்கு ஆபீஸ் பக்கமே வராதீங்க” என்றார் மேனேஜர்.

பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்ததற்கு அவர் தரும் விருந்து. ஓட்டல் பாரில் ஒரே மேஜையைச் சுற்றி மொத்த ஆபீசும் உட்கார்ந்திருந்தது.

“எல்லாருக்கும் பெனிசிலின்.”

கணக்காளர் மிரண்டு போனார். “மருந்துப் பேரா இருக்கே சார்?”

“காக்டெய்ல்யா. ஸ்காட்ச் விஸ்கி, எலுமிச்சை, தேன், இஞ்சிச் சாறு. கூச்சத்துக்கு நல்ல மருந்து.”

கணக்காளர் இதுவரை குடித்ததே இல்லை. மாட்டேன் என்று சொல்லவும் பயம். ஆபீசில் மேனேஜருக்கு ‘இடி’ என்று பேர். கை கழுவுகிற சாக்கில் எழுந்து கவுண்டருக்குப் போனார்.

“தம்பி, எனக்கு மட்டும் விஸ்கி ஊத்தாதீங்க. யாருக்கும் தெரியக் கூடாது.”

பார்டெண்டர் கண்ணைச் சிமிட்டினான். “கலருக்கு ஆறின டீ விட்டுடறேன் சார். இஞ்சி தொண்டையில இறங்குறப்போ உங்க முகமே எல்லாரையும் நம்ப வச்சிடும்.”

அப்படியேதான் ஆனது.

மேனேஜர் தன் கிளாஸை ஒரே மடக்கில் முடித்தார். “ஸ்காட்ச்னா இது ஸ்காட்ச்” என்று உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது கிளாஸ் வந்தபோது மேஜையே ஆடிக்கொண்டிருந்தது. ரிசப்ஷனிஸ்ட் காரணமே இல்லாமல் சிரித்தாள். குடோன் சூப்பர்வைசர் பாட ஆரம்பித்தார். மேனேஜர் டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டார்.

என்ன உளறினாலும் இன்றைக்குத் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்காளருக்குத் தோன்றியது. துணிச்சல் வந்தது. நாக்கைக் கொஞ்சம் குழறவிட்டார்.

“சார், போன மாசம் எல்லார் எதிரிலயும் ஃபைலை என் மூஞ்சில எறிஞ்சீங்க. அந்தத் தப்பை நான் பண்ணல. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. என் பொண்ணு ஏம்பான்னு கேட்டா. தலைவலின்னு பொய் சொன்னேன்.”

பாட்டு நின்றது.

மேனேஜர் தலைக்கட்டை மெல்ல அவிழ்த்தார்.

“தெரியும்யா. தப்பு என்னோடதுதான்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரல. மன்னிச்சிடு.”

கணக்காளரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

கணக்காளருக்கு மனசு நிறைந்தது. அடுத்த நிமிஷமே வடிந்தும் போனது. போதையில் கேட்ட மன்னிப்பு. விடிந்தால் அவருக்கு ஞாபகம்கூட இருக்கப் போவதில்லை.

விருந்து முடிந்தது. மேனேஜர் கார் சாவியை விரலில் சுழற்றியபடி, தள்ளாடித் தள்ளாடி வாசலுக்கு நடந்தார். கணக்காளர் கவுண்டருக்கு ஓடினார்.

“தம்பி, சீக்கிரம் ஒரு டாக்சி கூப்பிடுங்க. எங்க மேனேஜருக்கு நல்லா ஏறிடுச்சு. என் கையைப் பிடிச்சு மன்னிப்பெல்லாம் கேட்டுட்டார். இந்த நிலைமையில வண்டி ஓட்டினா எங்கயாவது மோதிடுவார்.”

பார்டெண்டர் கிளாஸைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“பயப்படாதீங்க சார், அவரே ஓட்டிட்டுப் போகட்டும். உங்க மேஜைக்கு நான் விஸ்கி பாட்டிலையே திறக்கல. ஒவ்வொருத்தரா வந்து, நீங்க சொன்னதையேதான் என் காதுல சொல்லிட்டுப் போனாங்க. முதல் ஆளா வந்தது அவர்தான்.”

கணக்காளர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ... அந்த மன்னிப்பு?”

“டீ குடிச்சிட்டுக் கேட்டது சார்.”